வியன்னாவுக்குக் காட்டும் கணக்கு

‘பொறுப்புள்ள அணுசக்தி நாடு’ என்னும் தொடர் இருபது ஆண்டுகளாகத் தில்லியின் கருத்தரங்கக் கூடங்களில் புழங்கிவருகிறது. 2005 ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் வாஷிங்டனில் வெளியிட்ட கூட்டறிக்கை, மேம்பட்ட அணுத் தொழில்நுட்பம் கொண்ட பொறுப்புள்ள நாடு என்று இந்தியாவைச் சுட்டியது. அன்றிலிருந்து அமைச்சக அறிக்கைகளிலும், ஓய்வுபெற்ற தூதர்களின் கட்டுரைகளிலும், பன்னாட்டு அரசியல் துறை மாணவர்களின் ஆய்வேட்டு முன்னுரைகளிலும் அது ஒரு பட்டப்பெயராகவே நிலைத்துவிட்டது. யாருக்குப் பொறுப்பு என்ற வினா மட்டும் எழுவதில்லை. கேட்டால், வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமைக்கு, வாஷிங்டனுக்கு, அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவுக்கு என்று விடை வரிசையாக வரும். கல்பாக்கத்தில் வாழ்பவரும், கூடங்குளத்தை ஒட்டிய கடலில் வலை வீசுபவரும், இவர்கள் அனைவரின் பெயராலும் சட்டம் இயற்றும் நாடாளுமன்றமும் அந்த வரிசையில் இடம்பெறுவதில்லை.

2008 ஜூலையில் நடந்ததை நினைவுகூர்ந்தால் இது மிகையன்று என்பது விளங்கும். முகமையுடன் செய்யவிருந்த கண்காணிப்பு ஒப்பந்தத்தின் வரைவைக் காட்டுமாறு, அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்துவந்த இடதுசாரிக் கட்சிகள் கேட்டன. முகமைக்கும் அரசுக்கும் இடையிலான ஆவணம் அது, பிறரிடம் தர இயலாது என்று மறுக்கப்பட்டது. அந்த மாதம் 9ஆம் நாள் வியன்னாவில் ஆளுநர் குழு உறுப்பு நாடுகளுக்கு அதே வரைவு சுற்றுக்கு விடப்பட்டது. அதன்பிறகே இந்தியக் குடிமக்கள் அதைப் படிக்க முடிந்தது. 22ஆம் நாள் மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. 275க்கு 256 என்ற கணக்கில் அரசு பிழைத்தது. தன் நாட்டின் அணுஉலைகளைப் பற்றிய ஓர் ஒப்பந்தத்தை அந்நாட்டின் உறுப்பினர்கள் அயல்நகரம் ஒன்றின் வழியாகச் சுற்றிவந்து படிக்க நேர்ந்த விந்தையை அன்று தில்லியில் பெரும்பாலோர் விந்தையாகவே கருதவில்லை.

இந்தப் பொறுப்பை உரசிப் பார்க்கத்தக்க இடம், உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் பயன்படுத்திய எரிபொருள். உலையில் யுரேனியம் எரியும்போது அதன் ஒரு சிறு பகுதி புளூட்டோனியமாக மாறுகிறது. வெளியே எடுத்த எரிபொருட் கோல்களைச் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் குளிரவைத்து, துண்டுகளாக நறுக்கி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, ட்ரைபியூட்டைல் பாஸ்பேட் கலந்த கரைப்பானைக் கொண்டு அந்தப் புளூட்டோனியத்தைப் பிரித்துவிடலாம். மறுசெயலாக்கம் என்பது இதுவே. பிரித்தெடுத்த பொருள் ஈனுலைக்கு எரிபொருளாகவும் போகலாம், வெடிகுண்டுக்கும் போகலாம். வேதியியல் ஒன்றே, ஆலையும் ஒன்றாகவே இருக்கலாம். ஒரு வெடிகருவி செய்யப் போதுமானதாகக்கூடும் என்று முகமை வரையறுத்துள்ள புளூட்டோனிய அளவு 8 கிலோகிராம். ஆண்டுதோறும் பல பத்து டன் எரிபொருளைக் கரைக்கும் ஆலையில் 8 கிலோகிராம் என்பது குழாய்களின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும் அளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆகவே அணுஆயுதப் பரவலைத் தடுக்கும் பன்னாட்டு ஏற்பாடு என்று எவ்வளவு பெரிய சொற்களால் அழைத்தாலும், அடிப்படையில் அது கணக்குப்பிள்ளை வேலை. எவ்வளவு உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது, இடையில் குறைந்தது எங்கே? உச்சிமாநாட்டுப் புகைப்படங்களில் ஆர்வம் காட்டும் துறைசார் அறிஞர்களுக்கு இந்தக் கணக்கு சலிப்பூட்டுகிறது என்பது உண்மைதான்.

இந்தியாவின் பழைய மனக்குறையில் நியாயம் உண்டு. அதை மறுப்பவர்களோடு வாதிடுவது வீண். 1967 ஜனவரி 1க்கு முன் வெடித்துக் காட்டியவர் ஆயுதம் வைத்துக்கொள்ளலாம், பின்வந்தவர் கைகட்டி நிற்க வேண்டும் என்று வகுத்த அணுஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் சமத்துவமற்றது. 1956இல் முகமையின் சாசனம் உருவானபோதே, உதவி கேட்டு வரும் நாடுகள் கண்காணிப்புக்குள் சிக்கும், உதவி தேவைப்படாத வல்லரசுகள் தப்பிவிடும் என்று ஹோமி பாபா சுட்டிக்காட்டினார். அணுவெடிச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டுமென்று 1954 ஏப்ரலிலேயே நேரு கோரினார். 2010க்குள் அணுஆயுதங்களை முற்றாக ஒழிக்கும் திட்டமொன்றை 1988 ஜூனில் ராஜீவ் காந்தி ஐ.நா.வில் முன்வைத்தார். வல்லரசுகள் இவற்றுள் எதையும் பொருட்படுத்தவில்லை. 1998க்குப் பின் ஜஸ்வந்த் சிங் ‘அணு நிறவெறி’ என்ற சொல்லால் இந்தக் குறையை எழுதியபோது, அச்சொல்லில் கோபம் இருந்த அளவுக்கு உண்மையும் இருந்தது.

ஆனால் நியாயமான மனக்குறை ஒன்று கையில் இருப்பது, வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கும் உரிமையாகிவிடாது. டிராம்பேயின் சைரஸ் உலை அதற்கு முதற்சான்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உலை அது. அமெரிக்கா கனநீர் கொடுத்தது. 1960இல் அது இயங்கத் தொடங்கியது. ஆய்வாளர்கள் வந்து சோதிக்கும் ஏற்பாடு எதுவும் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அமைதிப் பயன்பாட்டுக்கே என்ற வாக்குறுதி மட்டும் இருந்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்த கருவியின் புளூட்டோனியம் அவ்வுலையிலிருந்து வந்தது. ‘அமைதிவழி அணுவெடிப்பு’ என்று தில்லி அதற்குப் பெயர் சூட்டியது. அக்காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சுரங்கம் தோண்டவும் கால்வாய் வெட்டவும் அணுவெடிப்பைப் பயன்படுத்தலாம் என்று பேசிவந்தன. எனவே சொல் புதிதன்று. ஆனாலும் சோதனையை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான ராஜா ராமண்ணாவே 1997இல் அது வெடிகுண்டுதான் என்று சொல்லிவிட்டார். 23 ஆண்டுகள் ஒரு பெரிய குடியரசு ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

இதை இன்றும் இராஜதந்திரச் சாதுரியம் என்று பாராட்டுவோர் உண்டு. அந்தச் சாதுரியத்தின் விலையை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. கனடா 1976இல் ஒத்துழைப்பை முற்றாக முறித்துக்கொண்டது. ராஜஸ்தானின் இரண்டாம் உலையை இந்தியப் பொறியாளர்கள் தனியே கட்டி முடிக்க வேண்டியிருந்தது. அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு, எந்தக் குழுவின் வாசலில் இந்தியா 2016 ஜூனில் சியோலில் உறுப்புரிமைக்காகக் காத்துநின்று சீனாவின் எதிர்ப்பால் வெறுங்கையோடு திரும்பியதோ அதே குழு, 1974இன் விளைவாகப் பிறந்ததாகும். கதவை எழுப்பக் காரணமானவரே கதவைத் தட்டிக்கொண்டு நின்ற காட்சி அது.

தாராப்பூரின் கதை வேறு. தில்லியின் பேச்சாளர்கள் உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதும் பெரும்பாலும் சொல்லாததுமான கதை. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் கட்டிய அந்த இரு கொதிநீர் உலைகளும் 1969இல் மின்சாரம் தரத் தொடங்கின. 1963 ஒப்பந்தத்தின்படி முப்பது ஆண்டுகளுக்கு அமெரிக்கா செறிவூட்டிய யுரேனியம் தர வேண்டும். 1978இல் அமெரிக்கக் காங்கிரஸ் புதுச் சட்டம் ஒன்றை இயற்றி, தன் எல்லா அணு நிலையங்களையும் கண்காணிப்புக்கு உட்படுத்தாத நாட்டுக்கு எரிபொருள் இல்லை என்றது. 1980இல் கார்ட்டர் ஒரு தவணையை அனுப்ப முயன்றபோது பிரதிநிதிகள் சபை மறுத்தது. செனட்டில் 48க்கு 46 என்ற விளிம்பில்தான் அது தப்பியது. 1982இல் இந்திரா காந்தி வாஷிங்டன் சென்றபோது, பிரான்ஸ் எரிபொருள் தரட்டும் என்று ஒரு சமரசம் எட்டப்பட்டது. ஒப்பந்தத்தை மீறியது அமெரிக்காதான் என்று தில்லி வாதிட்டது. அந்த வாதத்தில் வலு இருந்தது.

இவ்வளவுக்கும் இடையில் பயன்படுத்திய எரிபொருள் தாராப்பூர் நீர்த்தொட்டிகளில் குவிந்துகொண்டே போயிற்று. அதை மறுசெயலாக்கம் செய்ய அமெரிக்காவின் ஒப்புதல் வேண்டுமா என்பதில் இரு தரப்புக்கும் கடைசிவரை உடன்பாடில்லை. 1993இல் ஒப்பந்தமே காலாவதியாயிற்று. ‘இனி யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை’ என்று இந்தியா அறிவித்திருக்கலாம். மாறாக, 1994இல் முகமையுடன் தனியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு அந்த எரிபொருளைக் கண்காணிப்பிலேயே வைத்திருந்தது. எரிபொருள் தருவதாகச் சொன்னவர் கைவிட்ட பிறகும், எரிந்து முடிந்ததன் கணக்கை இந்தியா கைவிடவில்லை. இந்திய அணுத்துறைக்குக் கணக்கு வைக்கத் தெரியாது என்று சொல்வோருக்குத் தாராப்பூரே போதுமான மறுப்பு. தெரிந்த கலையைத் தன் குடிமக்களுக்காகப் பயன்படுத்த மறுப்பதுதான் குற்றச்சாட்டு.

2006 மார்ச் 2 அன்று தில்லியில் புஷ்ஷின் வருகையையொட்டி வெளியான பிரிவினைத் திட்டம் அந்த மறுப்பை வரைபடமாகவே தந்தது. அன்றிருந்த, கட்டப்பட்டுவந்த 22 அனல் உலைகளுள் 14, 2014க்குள் முகமையின் கண்காணிப்புக்குள் வரும். எஞ்சிய 8 வெளியே இருக்கும். கல்பாக்கத்தின் இரு கனநீர் உலைகளும் அந்த எட்டினுள் அடங்கும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலையும் வெளியே வைக்கப்பட்டது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அன்றைய அணுசக்தித் துறைச் செயலாளர் அனில் ககோட்கர் நாளிதழ் நேர்காணலில் காரணத்தை மறைக்காமல் சொன்னார்: நெடுங்கால எரிசக்திப் பாதுகாப்பு ஒன்று, குறைந்தபட்ச அச்சுறுத்து ஆற்றல் மற்றொன்று, இவ்விரண்டின் பொருட்டும் ஈனுலைத் திட்டத்தைக் குடிமைப் பட்டியலில் சேர்க்க முடியாது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். அதே நேர்மை செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரைக் கிராமங்களில் காட்டப்பட்டதா? அங்கே ஈனுலை என்றால் மின்சாரம், மூன்று கட்டத் திட்டம், தோரியத்தின் பொற்காலம். 2024 மார்ச்சில் பிரதமர் முன்னிலையில் உலையின் உள்ளீடு தொடங்கிய நாளில் வந்த செய்திக்குறிப்புகளும் அதையே பேசின.

ஈனுலையின் மூடுபோர்வையில் உருவாகும் புளூட்டோனியம் ஆயுதத் தரத்தது. அலெக்சாண்டர் கிளேசரும் எம்.வி. ரமணாவும் 2007இல் வெளியிட்ட ஆய்வு, கல்பாக்கத்து உலை ஆண்டுக்குச் சுமார் 140 கிலோகிராம் அத்தகைய புளூட்டோனியத்தைத் தரக்கூடும் என்று கணித்தது. முகமையின் 8 கிலோகிராம் அளவுகோலால் வகுத்தால் ஆண்டுக்குப் பதினேழு. இது இயலும் அளவு. அவ்வாறு பயன்படுத்துவார்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பயன்படுத்தவில்லை என்பதை எதைக் கொண்டு அறிவது என்ற கேள்விக்குத் தில்லி ‘நம்புங்கள்’ என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு விடை வைத்திருக்கவில்லை. 1974க்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்று வெளிநாட்டவர் கேட்டால் கோபம் வருகிறது. உள்நாட்டவர் கேட்டால் வழக்கு வருகிறது.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக எழும் மறுப்பு, நாட்டின் பாதுகாப்பு. பாகிஸ்தானும் சீனாவும் அருகில் இருக்கையில் கணக்கை வெளியிடுவது எதிரிக்கு உதவுவதாகாதா என்று கேட்பார்கள். இதற்கான விடை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று தில்லியிலேயே நடக்கிறது. ராஜீவ் காந்தியும் பெனாசிர் புட்டோவும் ஆட்சியில் இருந்தபோது 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, தங்கள் அணு நிலையங்களை ஒன்றையொன்று தாக்கக்கூடாது என்று இரு நாடுகளும் உறுதி பூண்டுள்ளன. அதற்காக நிலையங்களின் பட்டியலைத் தில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் கைமாற்றிக்கொள்கின்றன. முதற்பரிமாற்றம் 1992இல். கார்கிலுக்குப் பின்னரும், நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின்னரும், மும்பைத் தாக்குதலுக்குப் பின்னரும் அது நின்றதில்லை. நல்ல ஏற்பாடு, தெற்காசியாவில் நிலைத்த மிகச் சில நல்ல ஏற்பாடுகளுள் ஒன்று. ஆனால் அந்தப் பட்டியல் பொதுவெளியில் வைக்கப்படுவதில்லை. எந்தெந்த இடங்களை இந்தியா அணு நிலையங்களாகக் கருதுகிறது என்பதை எழுத்தில் பெறும் உரிமை பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சகத்துக்கு உண்டு, திருக்கழுக்குன்றத்துக்காரருக்கு இல்லை. எதிரியிடம் கொடுத்த தாளை மகனிடமிருந்து மறைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட முடியுமா?

இன்னொரு மறுப்பு, பாகுபாடு. பாரபட்சமான ஒழுங்குக்குள் தலைகொடுக்க மாட்டோம் என்பது. அப்படியானால் பாரபட்சம் இல்லாத ஏற்பாடுகளில் இந்தியா எங்கே நிற்கிறது என்று பார்ப்பது முறை. பயன்படுத்திய எரிபொருளையும் கதிரியக்கக் கழிவையும் பாதுகாப்பாகக் கையாள்வது குறித்து 1997இல் வியன்னாவில் உருவாகி 2001இல் நடைமுறைக்கு வந்த கூட்டு உடன்படிக்கை ஒன்று உண்டு. ஆயுதமுள்ள நாடு, ஆயுதமற்ற நாடு என்ற பிரிவினை அதில் கிடையாது. யாரையும் எந்த ஆயுதத்தையும் கைவிடச் சொல்வதில்லை. உறுப்பு நாடுகள் தங்கள் எரிபொருள், கழிவு ஆகியவற்றின் இருப்பையும் கையாளும் முறையையும் அறிக்கையாகத் தந்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிற நாடுகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இராணுவப் பொருளுக்கும் மறுசெயலாக்க ஆலையில் உள்ள எரிபொருளுக்கும் விலக்குகூட வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன், சீனா ஐந்தும் அதில் உள்ளன. இந்தியா இல்லை. ‘அணு நிறவெறி’ இங்கே எங்கிருந்து வந்தது?

இரண்டாவது ஏற்பாடு அதனினும் எளியது. 1998 முதல் ஒன்பது நாடுகள், மேற்சொன்ன ஐந்தோடு ஜெர்மனி, ஜப்பான், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து, தங்கள் குடிமைப் புளூட்டோனிய இருப்பை முகமை வழியாக ஆண்டுதோறும் வெளியிட ஒப்புக்கொண்டன. ஒப்பந்தமன்று, தாமாக ஏற்ற வழிகாட்டு நெறி. ஆண்டிறுதியில் எவ்வளவு பிரித்த புளூட்டோனியம் உள்ளது, அதில் எவ்வளவு ஆலையில், எவ்வளவு எரிபொருளாக, எவ்வளவு பயன்படுத்திய எரிபொருளுக்குள் என்ற சில எண்கள், அவ்வளவே. சீனா அண்மை ஆண்டுகளில் வெளியிடாமல் நிறுத்திவிட்டது; அது குறித்து உலகெங்கும் ஆய்வாளர்கள் கவலை தெரிவிக்கிறார்கள், தில்லியின் ஆய்வாளர்களும் அதில் அடக்கம். தங்கள் நாடு ஒருமுறைகூட வெளியிட்டதில்லை என்பது அவர்களுக்கு ஏனோ உறுத்துவதில்லை. ஜப்பானிடம் 40 டன்னுக்கு மேல் புளூட்டோனியம் இருப்பது பள்ளி மாணவனும் அறியக்கூடிய செய்தி. அறிந்ததால்தான் அங்கே அதைப் பற்றிச் சண்டை போட முடிந்தது; 2018இல் அந்நாட்டு அணுசக்தி ஆணையம் இருப்பை மேலும் பெருக்க மாட்டோம் என்று அறிவிக்க நேர்ந்தது. இந்த ஏற்பாட்டில் சேர யாருடைய வாக்கும் வேண்டாம், சீனாவின் தடையும் செல்லாது. சமமாக அமர விரும்புகிறவர் முதலில் உட்காரத்தக்க நாற்காலி இது.

கணக்கு வைக்காததன் விலை என்ன என்பதைத் தில்லி நகரம் தன் உடலில் அனுபவித்திருக்கிறது. 2010 ஏப்ரலில் மேற்கு தில்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் தொழிலாளர்கள் சிலரின் தோல் கருகியது, முடி உதிர்ந்தது, இரத்த அணுக்கள் சரிந்தன. ஒருவர் அம்மாத இறுதியில் இறந்தார். காரணம், கோபால்ட்-60. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறைக்கென 1968இல் கனடாவிலிருந்து வந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி அது. 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்தது. 2010 பிப்ரவரியில் பழைய பொருட்களோடு பொருளாக ஏலத்தில் போயிற்று. பன்னாட்டு விபத்து அளவுகோலில் நான்காம் நிலை. கோபால்ட் எரிபொருளன்று, அதைக் கொண்டு குண்டு செய்யவும் முடியாது. ஆனால் ஒரு கதிரியக்கப் பொருள் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது, காலம் முடிந்தபின் எங்கே போகிறது என்பவை ஒரே கணக்கின் வரிகள். தலைநகரின் பல்கலைக்கழகத்திலேயே அந்த வரி இருபத்தைந்து ஆண்டுகள் அழிந்து கிடந்தது.

நாட்களை ஒட்டிப் பார்த்தால் ஒரு கசப்பு தெரியும். மாயாபுரியில் கருவியின் துண்டுகளைத் தேடி எடுத்துக்கொண்டிருந்த அதே ஏப்ரலில், 12, 13 தேதிகளில், வாஷிங்டனில் அணுப்பாதுகாப்பு உச்சி மாநாடு நடந்தது. உலகுக்குப் பயிற்சியளிக்கும் அணுசக்திக் கூட்டுறவு மையம் ஒன்றை இந்தியா அமைக்கும் என்று மன்மோகன் சிங் அங்கே அறிவித்தார். மையத்துக்கு 2014 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. இடம், தில்லியின் மேற்கு எல்லையைத் தாண்டிய ஹரியானாவின் பகதூர்கர் வட்டாரம். பயிற்சிக்கு வரும் அயல்நாட்டுப் பொறியாளர்களுக்கு அது பயனுள்ள நிறுவனமாகவே இருக்கலாம். மாயாபுரியை அங்கே பாடமாக வைத்தால் இன்னும் பயனுள்ளதாகும்.

அந்தக் கணக்கைச் சரிபார்க்க வேண்டிய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983 நவம்பரில் ஓர் அரசாணையால் பிறந்தது. அணுசக்தி ஆணையத்துக்கு அது பதில் சொல்ல வேண்டும். ஆணையத்தின் தலைவர் அணுசக்தித் துறையின் செயலாளர். தேர்வெழுதுபவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்த ஏற்பாடு. வாரியத்துக்கு விதியியற்றும் அதிகாரம்கூட இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2012 அறிக்கை எழுதியது. நாட்டின் 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களுள் 5,270 மட்டுமே பதிவாகியிருந்தன என்றும் அதே அறிக்கை காட்டியது. 2011 செப்டம்பரில், ஃபுகுஷிமா விபத்தின் அதிர்ச்சியில், தன்னாட்சி ஆணையத்துக்கான மசோதா மக்களவையில் வந்தது. 2014இல் அவையோடு சேர்ந்து காலாவதியானது. 2015 மார்ச்சில் முகமையின் ஆய்வுக் குழுவே வந்து பார்த்து, வாரியத்தின் சுதந்திரத்தைச் சட்டத்தில் பொறிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. கடைசியில் 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதி தந்தது. பிறந்து 42 ஆண்டுகள் கழித்துப் பெயர் சூட்டியதற்குச் சமம். அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டிருப்பதால், கணக்கைக் கேட்க வேண்டிய அவசரம் இப்போது முன்பைவிடக் கூடியிருக்கிறது.

கூடங்குளத்தில் இது அன்றாடக் கேள்வி. 1988இல் சோவியத் ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி எரிந்த எரிபொருள் அந்நாட்டுக்கே திரும்ப வேண்டும். பின்னர் அந்த ஏற்பாடு மாற்றப்பட்டு, இந்தியாவே வைத்துக்கொள்வதென்று ஆயிற்று. ரஷ்யாவுக்குப் போக வேண்டியது ராதாபுரம் வட்டத்தில் தங்கிவிட்ட செய்தியை அங்குள்ள மக்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை. அவர்களே தேடிக் கண்டுபிடித்தார்கள். 2012 நவம்பரில், நிரந்தரமாகப் புதைக்கும் இடம் குறித்து உச்ச நீதிமன்றம் கேட்டபோது கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. கோலாரில் மக்கள் கிளர்ந்தெழவும் பெயர் மறைந்தது. ‘பூவுலகின் நண்பர்கள்’ அமைப்பின் சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில் 2013 மே 6 அன்று வந்த தீர்ப்பு, உலைக்கு வெளியே எரிபொருளைச் சேமிக்கும் கிடங்கை ஐந்தாண்டுக்குள் அமைக்கச் சொன்னது. ஐந்தாண்டில் முடியவில்லை, காலம் 2022 வரை நீட்டிக்கப்பட்டது. 2019 ஜூலையில் ராதாபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்பால் தள்ளிப்போயிற்று.

இந்த மக்களுக்கு அரசு தந்த மறுமொழியை ஆய்வுலகம் மறக்கக்கூடாது. 2012 பிப்ரவரியில் ‘சயின்ஸ்’ இதழுக்கு அளித்த நேர்காணலில், கூடங்குளப் போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்க நிதிபெறும் தன்னார்வ நிறுவனங்கள் இருப்பதாகப் பிரதமரே கூறினார். இடிந்தகரையில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோக வழக்கு பாய்ந்தது. அமெரிக்க அதிபரின் கையெழுத்துக்காக ஓர் அரசையே பணயம் வைத்தவர், தன் நாட்டு மீனவப் பெண்களின் கேள்வியில் அமெரிக்கக் கையைக் கண்டார்! அயல்நாட்டு ஆய்வாளர் கேட்டால் அது பன்னாட்டு ஒத்துழைப்பு. அதே கேள்வியை இடிந்தகரைக்காரர் கேட்டால் அந்நியச் சதி.

எரிந்த எரிபொருள் கழிவன்று, வளம். ஆகவே அதைப் பற்றிப் பதற வேண்டியதில்லை என்று அணுசக்தித் துறை சொல்லும். மறுசெயலாக்கத்தின்மேல் இவ்வளவு காலம் இதே நம்பிக்கை வைத்திருந்த பிரிட்டன், செல்லாஃபீல்டில் குவிந்துள்ள சுமார் 140 டன் குடிமைப் புளூட்டோனியத்தை எரிபொருளாக்க வழியில்லை என்று கண்டு, 2025 ஜனவரியில் அதைத் திடப்பொருளாக்கி முடக்கிவைக்க முடிவு செய்தது. இந்தியாவின் கணிப்பு வேறாக இருக்கலாம். தோரியம் மிகுந்த, யுரேனியம் குறைந்த நாட்டுக்கு ஈனுலை தேவை என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் வளம் என்றால் அதற்கு ஐந்தொகை இருக்க வேண்டாமா? நிலக்கரிக்கும் நெல்லுக்கும் ஆண்டுதோறும் இருப்பு வெளியிடும் அரசு, மிக அரிய வளம் என்று தானே சொல்வதன் எடையை மட்டும் ஏன் சொல்ல மறுக்கிறது? மடியில் கனமில்லாதவருக்கு வழியில் பயம் எதற்கு?

ஆயுதக் கணக்கை யாரும் கேட்கவில்லை என்பதை இங்கே திரும்பவும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் தில்லியில் இந்த விவாதம் ஒவ்வொரு முறையும் அங்கேதான் கொண்டுபோய்த் திசைதிருப்பப்படுகிறது. கண்காணிப்புக்குள் வந்த உலைகளின் எரிபொருள் கணக்கு வியன்னாவில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் ஆண்டுத் தொகையைச் சொந்த நாட்டில் வெளியிட அரசமைப்புத் திருத்தமோ அயல்நாட்டு ஒப்புதலோ வேண்டியதில்லை. கூட்டு உடன்படிக்கையில் சேர ஓர் அமைச்சரவை முடிவு போதும். பன்னாட்டு உறவுத் துறைகளில் 2008 விலக்கைப் பற்றியும் சியோல் தோல்வியைப் பற்றியும் ஆண்டுதோறும் ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. யார் யாரைச் சந்தித்தார், எந்த நாடு எந்த நேரத்தில் மனம் மாறிற்று என்பதெல்லாம் நுணுக்கமாக ஆராயப்படுகின்றன. அந்த விலக்கின் கீழ் வந்த யுரேனியம் எரிந்து முடிந்தபின் எந்தத் தொட்டியில் கிடக்கிறது என்று தேடும் ஆய்வேடு அரிது. நெறியாளர்கள் அத்தலைப்புக்குத் ‘தரவு கிடைக்காது’ என்று சொல்லி மாணவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். தரவு கிடைக்காமையே ஆய்வுப்பொருள் ஆகாதா?

கல்பாக்கம் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதியிலும் கூடங்குளம் திருநெல்வேலித் தொகுதியிலும் அடங்கும். அவ்விரு உறுப்பினர்களும் அடுத்த கூட்டத்தொடரில் பிரதமரிடம், அணுசக்தித் துறை அவர் பொறுப்பில் இருப்பதால் அவரிடமே, எழுத்து வடிவில் மூன்று கேள்விகளைத் தரலாம்: கண்காணிப்பிலுள்ள இந்திய உலைகளில் கடந்த டிசம்பர் 31 அன்று இருந்த பயன்படுத்திய எரிபொருள் எத்தனை டன், அதிலிருந்து பிரிக்கப்பட்ட புளூட்டோனியம் எத்தனை கிலோகிராம், ஜனவரி 1 அன்று இஸ்லாமாபாத்துக்குக் கொடுத்த பட்டியலின் படி ஒன்று நாடாளுமன்ற நூலகத்தில் என்று வைக்கப்படும்.